‘எல்லாரும் ஆபீஸுக்கு வரணும்’ என்றால் நாங்கள் என்ன செய்வது? மாற்றுத்திறனாளி ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போன ஐ.டி. வேலை 2023 கடைசியில் திரும்பி ஆபீஸுக்கு வரத் தொடங்கியது. டி.சி.எஸ். வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. விப்ரோ நவம்பர் 15 முதல் மூன்று நாள் கட்டாயம் என்றது. இன்ஃபோசிஸ் குறிப்பிட்ட நிலைகளில் இருந்தவர்களை மாதம் 10 நாள் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரி 2 முதல் உலகம் முழுக்க ஐந்து நாள் ஆக்கியது. சின்னக் கம்பெனிகளும் அதே வழியில் போயின.

பெரும்பாலானவர்களுக்கு இது டிராஃபிக்கும் வாடகையும் சம்பந்தப்பட்ட தொல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், பார்வை இல்லாதவருக்கும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவருக்கும், பைபோலார் என்ற மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கும் வேலையில் தொடர முடியுமா என்பதே கேள்வியாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் தனியார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். விஷயம் வேலை நீக்கம் வரை போய்விட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்வது என் சட்ட உரிமையா?

இல்லை. இந்தியாவில் எந்தச் சட்டமும் ‘மாற்றுத்திறனாளி கேட்டால் ஒர்க் ஃப்ரம் ஹோம் கொடுத்தே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாத உரிமையைக் கேட்டு எழுதிய கடிதத்தை எச்.ஆர். ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்களுக்கு இருப்பது வேறு ஒன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 (நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19) ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ பற்றிப் பேசுகிறது. மற்றவர்களுக்குச் சமமாக நீங்கள் உங்கள் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து கொடுப்பதுதான் அது. கொடுப்பவர் தலையில் அளவுக்கு மீறிய சுமை விழக்கூடாது என்பது அதற்கு எல்லை. இந்த ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது சட்டம். வீட்டிலிருந்து வேலை செய்வது அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் ஒன்றாக இருக்கலாம். உங்கள் வேலைக்கும் உங்கள் உடல்நிலைக்கும் அது பொருந்துகிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

அந்தச் சட்டம் அரசு ஊழியர்களுக்குத்தானே? எங்கள் எச்.ஆர். அப்படித்தான் சொல்கிறார்.

பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் பலரையும் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

20-ஆம் பிரிவு வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்கிறது. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில்தான் வருகிறது. குறைதீர்ப்பு அதிகாரி பற்றிய 23-ஆம் பிரிவும் 4 சதவீத இடஒதுக்கீடும் அரசுக்குத்தான். இதுவரை எச்.ஆர். சொல்வது சரி.

ஆனால் 21-ஆம் பிரிவு ‘ஒவ்வொரு நிறுவனமும்’ சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. ‘நிறுவனம்’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் தனியார் கம்பெனியும் அடக்கம். இந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளின் 8-ஆம் விதிப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில் என்னென்ன வசதிகள், உதவிக் கருவிகள், சிறப்பு விடுப்பு, இடமாற்றத்தில் முன்னுரிமை என்று விவரம் இருக்க வேண்டும். இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அதிகாரியும் வேண்டும். கொள்கையை இணையதளத்திலோ அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும்.

அடுத்தது 3-ஆம் விதி. தனியார் ஊழியர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இதுதான் என்பது என் கருத்து. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனத்தின் தலைமைக்கு ‘உடற்குறை காரணமாக எனக்குப் பாகுபாடு நடக்கிறது’ என்று புகார் போனால், அவர்கள் ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையென்றால், தாங்கள் செய்தது எந்த நியாயமான நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்கு அது எப்படி அளவான வழி என்று உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ‘பாலிசி எல்லாருக்கும் ஒன்றுதான்’ என்று மேனேஜர் காபி மெஷின் பக்கத்தில் நின்று சொன்னது இந்தப் பதில் ஆகாது.

எனக்கு யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றார்கள். கேட்கலாமா?

கேட்கலாம். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கான வரம்பு. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. அவருக்கு எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’. சிவில் சர்வீஸ் தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்டார். 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று யூ.பி.எஸ்.சி. மறுத்தது. அந்த வரம்பைக் காட்டி மறுக்க முடியாது, ஒவ்வொருவர் தேவையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. இந்த வசதியைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

அட்டை இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும் என்பதும் உண்மைதான். இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்துகொண்டால் கிடைக்கும். அது வரும் வரை காத்திருக்காமல் சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதத்தோடு இன்றே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் சிறுநீரகம் இல்லையே?

பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, மனநோய், ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு எல்லாம் இருக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், தீராத முதுகுவலி இல்லை. ஆனால் ‘மாற்றுத்திறனாளி’ என்பதற்கான பொது வரையறை பட்டியலைவிட அகலமானது. நீண்டகாலக் குறை ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவர் சமமாகப் பங்கேற்பதைத் தடுத்தால் அவர் அந்த வரையறைக்குள் வருகிறார். அந்த வரையறையை வைத்துக் கேளுங்கள். கூடவே கம்பெனியின் மருத்துவ விடுப்புக் கொள்கையையும் காட்டுங்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவரிடம் அட்டவணையே கையில் இருக்கிறது. அதையே இணைத்துவிடலாம்.

வெளியே தெரியாத பிரச்சினை. நோயின் பெயரைச் சொன்னால்தான் கேட்க முடியுமா? டீம் முழுக்கப் பரவிவிடுமோ என்று பயம்.

இந்தப் பயம் நியாயமானது. பைபோலார் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறும் மேனேஜர்கள் இருக்கிறார்கள்.

மேனேஜருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. என்ன ஏற்பாடு, எத்தனை நாளுக்கு என்பது தெரிந்தால் போதும். மருத்துவ ஆவணத்தை எச்.ஆரில் ஒருவருக்கோ கம்பெனி மருத்துவருக்கோ மட்டும் கொடுங்கள். ‘இதை யாரோடும் பகிர வேண்டாம்’ என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள். மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போதும் நோயைவிட, உங்களால் எது முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்யக்கூடாது’, ‘இரவு மருந்தின் காரணமாகக் காலை 10 மணிக்கு முன் பணி தொடங்குவது கடினம்’ என்பது போல. ‘ஓய்வு தேவை’ என்று எழுதிய சான்றிதழ் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். ஓய்வு தேவை என்றால் லீவு எடுங்கள் என்பார்கள்.

எதையுமே சொல்லாமல் இருப்பதும் உங்கள் விருப்பம்தான். ஆனால் கம்பெனிக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏற்பாடு செய்யவில்லை என்று பிறகு வாதாடுவது கடினம்.

விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

டீம்ஸ் சாட்டில் கேட்காதீர்கள். மெயிலில் எழுதுங்கள். தலைப்பிலேயே ‘ரீசனபிள் அக்காமடேஷன் கோரிக்கை’ என்று இருக்கட்டும். கஷ்டத்தை விவரிப்பதைவிட வேலையை விவரிப்பது அதிகம் உதவும். ஒரு மாதிரி:

“எனக்கு போலியோவால் இடுப்புக்குக் கீழே இயக்கக் குறைபாடு உள்ளது, சான்றிதழ் இணைத்துள்ளேன். என் வேலை டெஸ்ட் ஆட்டோமேஷன். இதில் எல்லாப் பணிகளையும் லேப்டாப்பிலும் வி.பி.என். வழியாகவும் செய்கிறேன். கடந்த மூன்று அப்ரைசல்களும் இந்த முறையில் வேலை செய்தபோது வந்தவைதான். ஆபீஸ் பஸ்ஸின் முதல் படி என்னால் ஏற முடியாத உயரத்தில் இருக்கிறது. எங்கள் மாடியில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை. எனவே வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒரு நாள் ஆபீஸிலிருந்தும் பணியாற்ற அனுமதி கேட்கிறேன். ஆபீஸ் வரும் நாளில் கேப் வசதியும், கழிப்பறை உள்ள தரைத்தளத்தில் நிலையான இருக்கையும் தேவை. மாற்று ஏற்பாடு எதுவும் உங்கள் மனதில் இருந்தால் பேசத் தயார். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.”

குறை என்ன, வேலை என்ன, தடை எங்கே, ஏற்பாடு எது என்று நான்கும் வந்துவிட்டன. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. சட்டப்பிரிவுகளை முதல் மெயிலிலேயே அடுக்க வேண்டாம் என்பேன். மறுப்பு வந்தால் இரண்டாவது மெயிலுக்கு அவை தேவைப்படும்.

மெயிலின் நகலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பும்போது கம்பெனியின் தகவல் பாதுகாப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் விவரம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. அதையே காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வழி கொடுக்க வேண்டாம்.

‘உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்’ என்கிறார் மேனேஜர்.

எல்லாரும் கேட்கட்டும். ஒவ்வொருவர் தேவையையும் தனியாகப் பார்ப்பதுதானே முறை? தேவை உள்ளவருக்குக் கிடைக்கும், இல்லாதவருக்குக் கிடைக்காது. மற்றவர்களின் மனக்குறையைச் சமாளிப்பது மேனேஜரின் பொறுப்பு. அந்தச் சுமையை உங்கள் தோளில் ஏற்ற வேண்டியதில்லை.

முழுதாக வீட்டிலிருந்து முடியாது, வேறு ஏதாவது தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அந்த ‘வேறு ஏதாவது’ உங்கள் தடையை உண்மையில் நீக்குகிறதா என்று பாருங்கள். நீக்கினால் ஒப்புக்கொள்வது நல்லது. நீங்கள் கேட்டதையே தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை.

பயணம்தான் பிரச்சினை என்றால் கேப்பும், நெரிசல் இல்லாத நேரத்தில் வந்து போகும் அனுமதியும் போதலாம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்த பிறகு, சோழிங்கநல்லூர் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று காலையில் யாராலும் சொல்ல முடிவதில்லை. மூட்டுவலியோடு அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நேர மாற்றம் பெரிய நிம்மதி.

சத்தமும் வெளிச்சமும்தான் பிரச்சினை என்றால் கேப் எதையும் தீர்க்காது. ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர் ஒரு காதில் மென்பொருளையும் இன்னொரு காதில் மீட்டிங்கையும் கேட்பவர். இருநூறு பேர் பேசும் தளத்தில் அவர் நடுவே உட்கார்ந்தால் வேலை நடக்காது. அவருக்குத் தனி அறையோ வீடோதான் ஏற்பாடு.

இருக்கை விஷயத்தையும் பேசிவிடுங்கள். இப்போது பல ஆபீஸ்களில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் ஆப்பில் சீட் புக் செய்ய வேண்டும். பார்வையற்றவருக்கு அந்த ஆப்பில் இருக்கும் மாடி வரைபடம் பேசாது. முதுகுக்கு ஏற்றபடி சரிசெய்த நாற்காலி மறுநாள் வேறு மாடியில் இருக்கும். நிலையான இருக்கை கொடுப்பதற்குக் கம்பெனிக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எதை ஒப்புக்கொண்டாலும் ‘மூன்று மாதம் பார்த்துவிட்டு மீண்டும் பேசலாம்’ என்று மெயிலில் சேர்த்துவிடுங்கள்.

வருகை சதவீதம் குறைந்தால் வேரியபிள் பே (கூடிக் குறையும் சம்பளப் பகுதி) போய்விடுமாம். அனுமதி வாங்கியும் டாஷ்போர்டில் சிவப்பாகக் காட்டுகிறது.

டி.சி.எஸ். 2024 ஏப்ரலில் காலாண்டு வேரியபிள் பேயை ஆபீஸ் வருகையோடு இணைத்தபோது, 85 சதவீதம் வந்தவருக்கு முழுத் தொகை, 60-க்குக் கீழே போனவருக்கு ஒன்றுமில்லை என்று செய்தி வந்தது. இப்படிப்பட்ட கணக்கு வேறு இடங்களிலும் இருக்கிறது. அனுமதி கிடைத்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அக்கௌன்ட் மேனேஜர் கையில் இருப்பது அட்டை ஸ்வைப் கணக்குதான். உங்கள் ஏற்பாடு அந்த சிஸ்டத்துக்குத் தெரியாது. ஆகவே அனுமதி மெயிலிலேயே ‘அனுமதிக்கப்பட்ட நாள்கள் வருகையாகக் கணக்கிடப்படும், மதிப்பீட்டிலும் வேரியபிள் பேயிலும் பாதிப்பு இருக்காது’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது பார்க்க நடுநிலையாகத்தான் இருக்கும். அதில் குறிப்பிட்ட சிலர் மட்டும் தொடர்ந்து அடிபட்டால் அதற்கு மறைமுகப் பாகுபாடு என்று பெயர். மனநலக் குறைபாடு இருந்த சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகப் பேசியது. அப்படிப்பட்ட குறைபாடு உள்ளவருக்குப் பணியிட விதிகளை மற்றவர்களைப் போலப் பின்பற்றுவதே கடினமாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. அது அரசுப் பணி வழக்கு. இருந்தாலும் உங்கள் இரண்டாவது மெயிலில் குறிப்பிடத் தக்கது.

கேப், சிறப்பு நாற்காலி, மென்பொருள் செலவை நான் ஏற்க வேண்டுமா?

வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்கான செலவை முழுதாகவோ பகுதியாகவோ மாற்றுத்திறனாளி தலையில் எந்த நிறுவனமும் கட்டக்கூடாது என்கிறது அதே 3-ஆம் விதி.

எங்கள் ஆபீஸ் எஸ்.இ.இசட்.டில் (சிறப்புப் பொருளாதார மண்டலத்தில்) இருக்கிறது. அங்கே வீட்டு வேலைக்குச் சட்டமே இடம் தராது என்கிறார்களே?

சரியில்லை. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று அதில் சொன்ன பிரிவினரில் ஐ.டி. ஊழியர்களும் உண்டு, தற்காலிகமாக இயலாமல் போனவர்களும் உண்டு. அந்த விதி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி நடைமுறை கம்பெனிக்கும் மண்டல அதிகாரிக்கும் இடையிலானது. அதைச் செய்து முடிப்பது கம்பெனியின் வேலை.

எங்களுடையது அமெரிக்கக் கம்பெனி. மாற்றுத்திறனாளிகளுக்காக அங்குள்ள ஏ.டி.ஏ. சட்டம் எனக்குப் பொருந்துமா?

இந்தியக் குடிமகனாக இந்தியாவில் வேலை செய்தால் பொருந்தாது. அமெரிக்கக் கம்பெனிக்கு வெளிநாட்டில் வேலை செய்யும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே அது எல்லை தாண்டி வரும். ஆனால் இப்படிப்பட்ட கம்பெனிகளில் உலகம் முழுதுக்குமான அக்காமடேஷன் கொள்கையும் அதற்கென்று ஒரு குழுவும் இருப்பது வழக்கம். சென்னை எச்.ஆருக்கே அது தெரியாமல் இருக்கலாம். உள் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து எங்கே போவது?

முதலில் நிறுவனத் தலைமைக்கு, 3-ஆம் விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். ஆணையரிடம் வந்த புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும், ஆட்களை வரவழைக்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. தமிழிலேயே எழுதலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஆணையர் தருவது பரிந்துரை. நீதிமன்ற ஆணையைப் போலக் கட்டாயப்படுத்தும் பலம் அதற்கு இல்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. இது சட்டத்தின் பலவீனம், திருத்தப்பட வேண்டியது. ஆனாலும் ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததும் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்விடும். மேனேஜர் மட்டத்தில் நின்றிருந்த பேச்சு அங்கிருந்து வேறு மாதிரி நடக்கும்.

‘முடியாவிட்டால் பேப்பர் போடுங்கள்’ என்கிறார்கள்.

போடாதீர்கள். ராஜினாமா கொடுத்த பிறகு அது கட்டாயத்தில் கொடுத்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம். அப்படிச் சொன்ன அன்றே ‘இன்றைய பேச்சில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. என் கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளது’ என்று மெயில் அனுப்புங்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காக நான் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் சட்டத்தின் பிடி இங்கே தளர்வு. ஏற்பாடு கேட்கும் உரிமை மாற்றுத்திறனாளி ஊழியருக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பராமரிப்பவர்களுக்கு அரசுப் பணியில் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. உடற்குறை உள்ள குழந்தையின் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருவது பற்றிய கொள்கையை மறுபரிசீலனை செய்யும்படி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இமாச்சலப் பிரதேச அரசிடம் சொன்னது. தனியாரில் கம்பெனியின் நெகிழ்வு நேரக் கொள்கையைத்தான் நம்ப வேண்டும். தெரபி நேரத்தைக் காட்டி, குறிப்பிட்ட நாள்களை மட்டும் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

நான் ஆபீஸுக்கு வரவே விரும்புகிறேன். ‘நீங்க வீட்டிலேயே இருங்க, எதுக்குச் சிரமம்’ என்கிறார்கள்.

இதையும் பலர் கேட்கிறார்கள். இதுவும் அதே அளவு முக்கியமானது. பதவி உயர்வும் நல்ல புராஜெக்டும் கண்ணில் படுகிறவருக்குப் போகும் இடத்தில், ஒருவரை வீட்டிலேயே இருக்கச் சொல்வது அவரை வரிசையிலிருந்து வெளியே நிறுத்துவதுதான். அன்போடு சொன்னாலும் விளைவு அதுதான்.

கேட்டு வாங்க வேண்டியவை சாதாரண விஷயங்கள். சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் நுழைவாயில் கதவு, பேசும் லிஃப்ட், மீட்டிங்குகளில் கேப்ஷன், தீ விபத்து என்றால் உங்களைக் கீழே கொண்டுவருவதற்கு ஒரு திட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது என்று சொன்னால் போய்த் திறந்து பாருங்கள். துடைப்பமும் வாளியும் ஃபினாயில் கேனும் அடுக்கிய ஸ்டோர் ரூமாக அது மாறியிருப்பது பல கட்டடங்களில் உண்டு. படம் எடுத்து ஃபெசிலிட்டீஸ் குழுவுக்கு அனுப்புங்கள். அணுகல்தன்மைக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மெயிலில் இந்தத் தீர்ப்பையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.